டச்சுக் கம்பெனி ஆவணங்களில் நம் ஊரைத் தேடுவது எப்படி?

1720களில் பரங்கிப்பேட்டையிலிருந்து எந்தத் துணி, எவ்வளவு, எங்கே போனது? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் முதல் ஒன்பது மாத உழைப்பில் பெரும்பகுதி வீண். நான் வரலாற்றுத் துறையில் படித்தவன் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேடியவன். வழி தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் ஐந்து மாதத்தில் முடித்திருப்பேன். எனக்குக் கிடைக்காத அந்தப் பேச்சைத்தான் உங்களுக்காக எழுதியிருக்கிறேன்.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நான்கு ஆண்டுகள் நினைவில் இருந்தால் போதும். 1610இல் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். எந்தக் கடிதம் எந்த ஊரிலிருந்து எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்க இந்த ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

இந்தக் கம்பெனியின் ஆவணங்களில் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. "எங்கள் ஊரைப் பற்றி டச்சுக்காரர்கள் என்ன எழுதினார்கள்" என்று கிளம்பினால் கரை சேர முடியாது. ஓர் ஊர், ஒரு பொருள், பத்து ஆண்டுகள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். நான் முதலில் "சோழமண்டலத் துணி வணிகம், 1610 முதல் 1781 வரை" என்று எழுதி வைத்திருந்தேன். மூன்று மாதம் படித்த பிறகும் எதைத் தேடுகிறேன் என்றே எனக்கு விளங்கவில்லை.

2. எந்தக் காப்பகம் என்று முதலில் தீர்மானியுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஆவணங்கள் முக்கியமாக ஐந்து நகரங்களில் இருக்கின்றன: நெதர்லாந்தின் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன். 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. "சென்னையிலேயே இருக்கிறதே, எழும்பூருக்குப் போனால் ஆயிற்று" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கவனியுங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி கொச்சி அலுவலகத்துடையது, அதாவது மலபார்க் கரையைப் பற்றியது. மிளகு, கொச்சி அரசர், திருவிதாங்கூரோடு நடந்த பேச்சுகள் போன்றவை உங்கள் கேள்வி என்றால் அதுதான் உங்கள் இடம். பழவேற்காடு, நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, சதுரங்கப்பட்டினம் என்றால் உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஹேகில்தான் கிடைக்கும். இங்கிருந்து போன கடிதங்களும் கணக்குகளும் பிரதி எடுக்கப்பட்டு ஆண்டுதோறும் கம்பெனி இயக்குநர்களுக்குக் கப்பலேறின. அந்தப் பிரதிகள் பிழைத்துக்கொண்டன.

இரண்டாவது பொறி தூத்துக்குடி. இன்றைய வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைச் சோழமண்டலத்தின் கீழே தேடாதீர்கள். தூத்துக்குடியையும் மதுரைக் கடற்கரையையும் கம்பெனி இலங்கை ஆளுநரின் கீழே வைத்திருந்தது. முத்துக்குளிப்பு, பரதவர், சங்கு என்று எதைத் தேடினாலும் "சிலோன்" என்ற தலைப்பின் கீழே பாருங்கள். தென்கரையில் வேலை செய்பவர்களுக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கும் ஹேக், கொழும்பு இரண்டுமே தேவைப்படும்.

3. வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

டச்சு தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கம்பெனித் தொகுப்பின் எண் 1.04.02. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான தொகுதிகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டுவிட்டன. பார்க்கவும் பதிவிறக்கவும் கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை, அறிமுகக் கடிதமும் கேட்பதில்லை.

நீங்கள் போக வேண்டிய வரிசை "ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களும் தாள்களும்". தொகுதி எண் 1053இல் தொடங்கி ஆயிரக்கணக்கில் நீளும். இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு மாதம் முழுக்க நான் அதில் சிக்கிக் கிடந்தேன். இந்தத் தொகுதிகளின் வரிசை கடிதம் எழுதிய ஆண்டைப் பின்பற்றுவதில்லை, கப்பல் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த ஆண்டைப் பின்பற்றுகிறது. நாகப்பட்டினத்தில் எழுதிய கடிதம் பருவக்காற்றுக்குக் காத்திருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும். அங்கிருந்து அடுத்த கப்பல் கூட்டத்தோடு ஐரோப்பாவுக்குப் புறப்படும். கடலில் மட்டும் ஆறு முதல் எட்டு மாதம். ஆகவே 1724இல் நடந்ததை அறிய 1725, 1726 தொகுதிகளைத் திறக்க வேண்டும். நான் 1724ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று குறித்து வைத்திருந்தேன்.

இப்போது இதைவிட எளிய வழி வந்திருக்கிறது. நெதர்லாந்தின் ஹைகன்ஸ் ஆய்வு நிறுவனத்தின் குளோபலைஸ் திட்டம் இந்தக் கடிதத் தொகுதிகளில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியைக் கொண்டு எழுத்துப்பெயர்த்திருக்கிறது, அதாவது கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றியிருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் அது வரும் பக்கங்கள் வந்து நிற்கும், பக்கத்தின் படத்தையும் அருகிலேயே பார்க்கலாம். இதுவும் இலவசம். இயந்திரம் பிழை விடும் என்பதை மறக்காதீர்கள். தேடலில் வரவில்லை என்பதற்காக அந்தப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சரக்குக் கணக்குதான் வேண்டும் என்றால் பட்டாவியாவின் தலைமைக் கணக்கரது பேரேடுகளிலிருந்து தொகுத்த தரவுத்தளம் இருக்கிறது. 1700 முதல் கம்பெனி கலைந்த காலம் வரை, இடையிடையே சில ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும், எந்தக் கப்பலில் எங்கிருந்து எங்கே என்ன சரக்கு, என்ன விலைக்குப் போனது என்று வரிசை வரிசையாகக் காட்டும். முதன்முதலில் அதைத் திறந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோழமண்டலக் கரைக்கு வரும் கப்பலில் ஜப்பான் செம்பு, மலாக்கா வழியாக வந்த வெள்ளீயம், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். திரும்பிப் போகும் கப்பலில் மூட்டை மூட்டையாக நம் துணி. மொலுக்கஸில் வாசனைப் பொருள் வாங்க நம் துணி தேவை, நம் துணியை வாங்கப் பொன்னும் செம்பும் தேவை. உலகம் எப்படி ஒன்றோடொன்று பிணைந்தது என்பதைப் புத்தகங்களில் படித்திருந்தேன். ஒரே கப்பலின் சரக்குப் பட்டியலாகப் பார்த்தபோதுதான் அது உறைத்தது.

அந்தத் தரவுத்தளத்தில் முதலில் தெரிவது கப்பல் எங்கிருந்து புறப்பட்டது என்பதுதான், துணி எங்கே நெய்யப்பட்டது என்பது தெரியாது. பரங்கிப்பேட்டைத் துணியும் வேறு ஊர்த் துணியும் அங்கே ஒரே மூட்டையாகத்தான் தோன்றும். ஊர்வாரியாகப் பிரிக்கக் கடிதங்களுக்குத்தான் திரும்ப வேண்டும்.

4. ஊர்ப்பெயர், ஆள்பெயர்ப் பட்டியல் தயாரியுங்கள்

தேடத் தொடங்கும் முன்னே இதைச் செய்துவிடுங்கள், ஒரு வார இறுதி போதும். ஒரே ஊரை ஒரே கடிதத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். நாகப்பட்டினம் ஒரு வரியில் "நகபட்னம்", அடுத்த வரியில் "நெகபட்டாம்". பழவேற்காடு "பலியகாட்டா", "பல்லேயகட்டே". கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் "தெகனபட்னம்". பரங்கிப்பேட்டை எங்குமே அந்தப் பெயரில் வராது, போர்த்துகீசியர் இட்ட "போர்ட்டோ நோவோ" என்றுதான் வரும், அதுவும் சில சமயம் ஒரே சொல்லாக. வேறு வேறு எழுத்துக்கூட்டல்களை ஒரு விரிதாளில் சேர்த்துக்கொண்டே போங்கள். என் பட்டியலில் நாகப்பட்டினத்துக்கு மட்டும் பதினொன்று சேர்ந்தன.

ஆட்களைத் தேட இன்னும் பொறுமை வேண்டும். "தெயுவர்" என்று வந்தால் அது தேவர், அதாவது இராமநாதபுரம் சேதுபதி. "சிட்டி" என்று ஆள்பெயரோடு ஒட்டி வந்தால் செட்டி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு பெருவணிகம் நடத்திய அச்சுதப்ப செட்டி "மலாயே" என்ற பெயரில் வருகிறார். அவர் தம்பி சின்னண்ணா. அச்சுதப்பா என்று தேடினால் அவர் உங்களுக்கு அகப்படவே மாட்டார். வாய்விட்டுப் படியுங்கள், கண் ஏமாறும் இடத்தில் காது பிடித்துவிடும். இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு இருக்கும் வசதி டச்சு ஆய்வாளர்களுக்குக் கிடையாது.

5. கையெழுத்தைப் பழகுங்கள்

பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். எனக்கு ஒரு பக்கம் படிக்க முதல் வாரம் நான்கு மணி நேரம் ஆனது. மூன்றாவது மாதம் இருபது நிமிடம்.

நான் செய்தது இதுதான். ஒரு பக்கத்தின் படத்தையும் அதன் எழுத்துப்பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் பத்து வரிகளை நானே தட்டச்சு செய்து ஒப்பிட்டேன். 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் தொடங்குங்கள், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கையெழுத்து மிகக் கடினம். டச்சு மொழியே தெரியாதே என்றால், மாதம் 3,000 ரூபாய்க்கு ஆறு மாதம் ஆன்லைன் வகுப்பு போனேன், அடிப்படை இலக்கணத்துக்கு உதவியது. ஆனால் இன்றைய டச்சும் அன்றைய அலுவலக டச்சும் ஒன்றல்ல. பழைய சொற்களுக்கு டச்சு மொழியின் பேரகராதி இணையத்தில் இலவசம். கம்பெனியில் மட்டும் புழங்கிய சொற்களுக்கென்று தனிச் சொல்லகராதி ஒன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மலாய், போர்த்துகீசிய, தமிழ்ச் சொற்கள்கூட டச்சு வேடத்தில் இருக்கும்.

தேதிகளில் மிகவும் ஜாக்கிரதை. "7பெர்" என்று எழுதியிருந்தால் ஜூலை என்று நினைப்பீர்கள். அது செப்டம்பர். இலத்தீனில் ஏழு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதேபோல் "8பெர்" அக்டோபர், "9பெர்" நவம்பர், பத்தைக் குறிக்கும் ரோமானிய எழுத்தோடு வருவது டிசம்பர். மாதப் பெயருக்கு முன் "பிரிமோ" என்றால் முதல் தேதி, "அல்டிமோ" என்றால் கடைசித் தேதி. எண்ணைச் சொல்லால் எழுதும்போது டச்சில் ஒற்றை இலக்கம் முதலில் வரும்: இருபத்தெட்டை "எட்டும் இருபதும்" என்பார்கள்.

சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் பதிவுகளோடு ஒப்பிடுகிறீர்களா? ஹாலந்தும் கம்பெனியும் புதிய நாட்காட்டியைப் பின்பற்றின, ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. ஆகவே ஒரே கப்பல் ஒரே துறைமுகத்துக்கு வந்த நாள் இரண்டு பதிவுகளிலும் 17ஆம் நூற்றாண்டில் 10 நாள், 18ஆம் நூற்றாண்டில் 11 நாள் தள்ளி இருக்கும். ஆங்கிலேயரின் புத்தாண்டு மார்ச் 25 என்பதால் அவர்கள் எழுதும் 1720 பிப்ரவரி நமக்கு 1721 பிப்ரவரி.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பதவி விட்டுப் போகும் ஆளுநர் தமக்கு அடுத்து வருபவருக்கு எழுதி வைத்த ஒப்படைப்புக் குறிப்புகளில் தொடங்குங்கள். எந்த ஊரில் எத்தனை ஆள், எந்த வணிகரை நம்பலாம், எந்தத் துணிக்குத் தேவை அதிகம் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கொச்சி, இலங்கை அதிகாரிகளின் சில குறிப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. பழைய நூல்களைச் சேமிக்கும் இணைய நூலகங்களில் இலவசமாகப் படிக்கலாம். டச்சுக்குப் போகும் முன் அவற்றில் இரண்டைப் படித்துவிடுங்கள்.

6. காசு, எடை, துணி: மூன்று தாள்

கணக்கு மூன்று நெடுவரிசையில் வரும்: கில்டர், ஸ்டைவர், பென்னிங். 16 பென்னிங் ஒரு ஸ்டைவர், 20 ஸ்டைவர் ஒரு கில்டர். ரூபாய், அணா, பைசா எழுதிய தாத்தா காலத்து நோட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். கம்பெனியின் ஆசியக் கணக்கிலுள்ள கில்டரும் ஹாலந்து கில்டரும் எல்லா ஆண்டுகளிலும் சம மதிப்பு அல்ல. இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். "பகோடா" என்பது நம் வராகன். பவுண்டு என்றால் ஆம்ஸ்டர்டாம் பவுண்டு, ஏறக்குறைய 494 கிராம். துணியை எண்ணும் "கோர்ஜ்" 20 உருப்படி.

துணிப் பெயர்கள் தனி உலகம். கினி, சலம்பூரி, மூரி, பெட்டில், பர்க்கால், அப்புறம் சிட்டு என்கிற சின்ட்ஸ். நீளம், அகலம், நூல் நெருக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அளவு குறைந்தால் கம்பெனி திருப்பி அனுப்பும், முன்பணம் வாங்கிய வணிகர் கடனாளி ஆவார், சுமை கடைசியில் தறியில் வந்து இறங்கும். கினி என்ற பெயரே மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயர். நம் கரையில் நெய்த அந்தத் துணியைக் கொடுத்து அங்கே மனிதர்களை வாங்கினார்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சரக்குப் பட்டியலைப் படிக்கும்போது அரிசிக்கும் துணிக்கும் நடுவே அடிமைகளின் எண்ணிக்கை வரும். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வாட்டியபோது இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அன்றைக்கு என்னால் மேலே படிக்க முடியவில்லை. உங்களுக்கும் அப்படி ஆனால் மூடிவைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். ஆனால் அந்த வரியைக் குறித்துக்கொள்ளாமல் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் தலைப்பு துணியாகவே இருந்தாலும் குறியுங்கள், வேறு ஒருவர் அவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

7. நேரில் போவது: கடைசியில்தான்

எழும்பூர் போகிறவர்கள் அடையாள அட்டை, இரண்டு புகைப்படம், கல்லூரி அல்லது நிறுவனத்தின் அறிமுகக் கடிதம் எடுத்துச் செல்லுங்கள். என்னைப் போல எந்த நிறுவனத்தையும் சாராதவர்களுக்கு அந்தக் கடிதம்தான் பெரிய தடை. நான் கேட்ட முதல் கல்லூரி மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு மறுத்தது. இரண்டாவது இடத்தில் என் ஒரு பக்கத் திட்டத்தையும் தொகுதி எண்களின் பட்டியலையும் கையில் கொடுத்தேன், நான்கு நாளில் கடிதம் கிடைத்தது. பட்டியல் இல்லாமல் யாரிடமும் கடிதம் கேட்காதீர்கள். அனுமதி, பிரதிக் கட்டணம், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் போவதற்கு முந்தைய வாரம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு விடுமுறை நாட்களையும் பாருங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் குறைந்தது ஐந்து வேலை நாட்கள் ஒதுக்குங்கள். விண்ணப்பத்திலும் தொகுதி வந்து சேர்வதிலும் முதல் நாள் முடிந்துவிடும்.

ஹேகுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: படமெடுக்கப்பட்ட தொகுதியை வாசிப்பறையில் மூலமாகத் தர மாட்டார்கள், திரையில்தான் பார்க்கச் சொல்வார்கள். அதை வீட்டிலேயே பார்க்கலாமே! படமெடுக்கப்படாத தொகுதி எண்கள் உங்கள் பட்டியலில் குறைந்தது பத்து சேர்ந்த பிறகு பயணத்தை யோசியுங்கள்.

அப்படிப் போவதானால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரைகூட நீளலாம். விசா மையத்தில் நேரம் கிடைப்பதே சில மாதங்களில் கடினம், குறிப்பாகக் கோடை விடுமுறைக்கு முன். கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கி அறிக்கை, தங்குமிட முன்பதிவு, அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவற்றோடு உங்கள் தொகுதிப் பட்டியலையும் இணையுங்கள். எதற்காகப் போகிறீர்கள் என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எந்தத் தாளும் சொல்லாது. காப்பகம் ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. தங்கும் இடத்தைச் சற்றுத் தள்ளியே மலிவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

8. எடுத்த அன்றே குறித்து வையுங்கள்

ஒரு பக்கத்தைப் பதிவிறக்கினால் அந்த நிமிடமே கோப்பின் பெயரை மாற்றுங்கள்: தொகுப்பு எண், தொகுதி எண், தாள் எண், பட எண். தாள் எண்ணும் பட எண்ணும் வேறு. ஒரு தாளுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு, எண் முன்பக்கத்தில் மட்டும் இருக்கும். சில தொகுதிகளில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணும் எழுதியிருப்பார்கள், எதைப் பின்பற்றினீர்கள் என்று குறியுங்கள். நான் முதல் ஆறு மாதத்தில் இறக்கிய 2,300 படங்களும் இணையதளம் கொடுத்த பெயரிலேயே கிடந்தன. பரங்கிப்பேட்டையில் துணி வாங்கிய விலைப் பட்டியல் ஒன்று அவற்றுக்குள் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தத் தொகுதி என்று எழுதி வைக்காததால் இன்றுவரை அதை என் கட்டுரையில் பயன்படுத்த முடியவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு தொகுதியாகத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.